வத்தி வைத்த கட்டில்

மார்புப் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த செண்பகவல்லிக்கு இப்போது இடுப்பெலும்பில் தீராத வலி. வாயுப்பிடிப்பு என்று சொல்லிப் பூண்டை விழுங்கினாள். படுப்பவர் எலும்பைச் சோதித்து படுக்கும் பக்கத்தை வைத்தே ஆளை அறிந்து ஆஸ்பத்திரிக்கே போட்டுக்கொடுக்கும் கட்டிலை ஏமாற்ற, ஃபேன் காற்று வரவில்லை என்று கணவர் மாசிலாமணியோடு பக்கம் மாற்றிப் படுத்தாள்.

விடிந்ததும் கட்டில் அறிவித்தது: "மாசிலாமணி, புற்றுநோய் உங்கள் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. வண்டி வருகிறது."

தும்மலுக்கே ஊரைக் கூட்டும் மனுஷன், ஓவென்று அழுதபடி பீரோ சாவியை மனைவி கையில் திணித்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோதும் வாய் ஓயவில்லை.

"நர்ஸம்மா, நான் போனா போறேன். இவ வலிச்சா வாயைத் திறந்து சொல்லமாட்டா. நீங்கதான் கேட்டுக் கேட்டுப் பாத்துக்கணும்."

செண்பகவல்லி பீரோ சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"போதும், இறங்குங்க," என்றாள். "அது என் எலும்பு."