கச்சானில் ஒரு கோட்

"கையக் கொஞ்சம் உசத்துங்க தம்பி" என்றான் பக்கீர். வாயில் மூன்று குண்டூசி, அதையும் மீறி முகத்தில் ஒரு சிரிப்பு. ஹஸனின் கல்யாணக் கோட்டை அவன் தைத்த அக்கறையோடு அந்த வருஷம் கல்முனையில் எந்தத் தையற்காரனும் எதையும் தைத்திருக்க மாட்டான்.

கண்ணாடியைப் பார்த்து ஹஸனே அசந்து போனான். தோள் அப்படி நின்றது. கீழே பெல்பொட்டம் வேறு. வெளியே கச்சான் காற்று அனலாய் அடித்தது, தெருவில் ஒரு நாயைக் காணோம்.

"எடுப்பாத்தான் இரிக்கி காக்கா. ஆனா சரியான வெக்க."

"ஸ்டைல் எண்டா வேர்க்கத்தான் செய்யும். எவ்வளவு வேர்த்தாலும் கழட்டப்படாது. கழட்டினா மாப்பிள்ள இல்ல, பஸ் கொண்டக்டர்."

இந்த ஹஸன்தான் இரண்டு வருஷத்துக்கு முன், பக்கீரின் தங்கை நஸீறாவுக்கு நாள் குறித்த பிறகு, சீதனமாகக் கல்வீடு இல்லையென்று கல்யாணத்தை நிறுத்தியவன். நஸீறா ஆறு மாதம் வாசற்படி இறங்கவில்லை. இப்போது அடுத்த தெரு மில்காரருக்கு மருமகனாகப் போகிற மிதப்பில், கோட்டுத் துணியோடு அவள் அண்ணனிடமே வந்து நிற்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

பக்கீர் மறக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே கொடுத்த சிவப்பு லைனிங், சந்தை முழுக்க அலைந்து பிடித்த மட்டத் துணி. ஈரம் பட்டால் சாயம் விடும். வெயிலில் ஊர்வலம் வந்து பந்தலில் குந்தினால், அறுத்த ஆட்டைச் சுமந்தவன் மாதிரி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை சிவந்துவிடும். ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் மெஷினை மிதித்தான்.

ஹஸன் பையிலிருந்த வெள்ளை லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். கொலர் ஓரத்தில் பச்சை நூல் ஓட்டிய வெள்ளை வொயில் சட்டை ஒன்று தொங்கியது.

"அது ஆருக்கு?"

"எங்கட நஸீறாட மாப்பிள்ளைக்கு. அப்துல் கபூர். உங்கட கலியாணத்தண்டுதான் எங்களுக்கும். பத்து மணிக்கு அங்க முடிச்சிட்டு, பதினொண்டுக்கு லெப்பை நிக்காஹ் ஓத இஞ்ச வருவார்."

"கபூரா? நம்மட ஒழுங்கதான், ரெண்டு வீடு தள்ளி. அவன் கோட் கோட் எண்டு உசிர விட்டுக்கிட்டிருந்தானே?"

"இந்தக் கச்சானுக்குக் கோட்டா? மனிசன் அவிஞ்சி போயிருவார். வொயில் சட்ட, மருதமுனச் சாறன். காத்து உள்ளுக்க போகும், பாக்கவும் லெச்சணம்." பக்கீருக்குத் தன் தொழில் பெருமை தாங்கவில்லை. "அளவெடுக்கவும் கஷ்டமில்ல. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நெஞ்சளவு, முப்பத்தெட்டு."

ஹஸன் சட்டையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கபூருக்குக் காத்து, எனக்கு வேர்வயா?" என்று சிரித்தான். கோட்டைக் கழற்றி, வேர்த்த கையால் லைனிங்கைத் தடவினான். "நல்ல துணி காக்கா." பிறகு கையை லேஞ்சியில் துடைத்து, அதை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

கல்யாணத்தன்று பக்கீரின் வாசலில் பந்தல் நிறையச் சனம். அவன் காது மட்டும் அடுத்த தெருவில் கிடந்தது. பொறுக்க முடியாமல், "மில்காரர் வீட்டு மாப்பிள்ளைட முதுகப் பாத்துட்டு ஓடி வா" என்று பெண்டாட்டி றாபியாவை அனுப்பியிருந்தான்.

பதினொரு மணிக்கு அவள் மூச்சிரைக்க வந்தாள்.

"என்ன, சிரிக்காங்களா?"

"என்னத்துக்குச் சிரிக்க? மாப்பிள்ள ராசா மாதிரி இரிக்காரு. கோட்டுமில்ல கீட்டுமில்ல. வெள்ள வொயில் சட்ட, மருதமுனச் சாறன். ஒரு துளி வேர்வ இல்ல." றாபியா குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கட தையல் மாதிரியே இரிக்கி. கொலர் ஓரத்தில பச்ச நூல்."

பக்கீர் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பச்சை நூலை அவன் ஒரே ஒரு சட்டையில்தான் ஓட்டியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். மாப்பிள்ளை வந்துவிட்டார்.

காரிலிருந்து அப்துல் கபூர் இறங்கினான். பெல்பொட்டம், கோட், வாயெல்லாம் பல். நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றியது. வெள்ளைக் கொலரில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் ஓரம் நஸீறா மணப்பெண்ணாய் இருந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு.

பக்கீர் பாய்ந்து போய்க் கோட்டுப் பொத்தானில் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. கழற்றினால் முதுகு முழுக்கத் தெரியும். கழற்றாவிட்டால் கொலர் முழுக்க நனையும். தங்கையின் மானக்கேட்டைத் தன் கையாலேயே தைத்து வைத்திருக்கிறான் பாவி.

"கோட் எப்பிடி மச்சான்?" என்றான் கபூர். "ஹஸன் காக்கா காலையில வீடு தேடி வந்து மாத்தித் தந்தாரு. ஆசப்பட்டது நீதானே, நீயே போடு எண்டாரு. தங்கமான மனிசன்! இதையும் ஒங்கட கையில குடுக்கச் சென்னாரு."

நாலாய் மடித்த லேஞ்சி. பக்கீர் விரித்தான். நடுவில் நாலு விரல் தடம், சிவப்பாக.

"மறுகா இன்னொண்டு மச்சான், எவ்வளவு வேர்த்தாலும் கழட்டப்படாதாம்!"