ஆறடித் தொட்டி

"மூணடிக்கு மேல ஒரு அங்குலம் கூட வேணாம். சொல்லிட்டேன்!"

தங்கசாமி போட்ட சத்தத்தில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடிக் கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் பஞ்சநாதன் கையில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். ஆறடித் தொட்டி கேட்பவர் மாப்பிள்ளை ராசாங்கம். பணம் கொடுக்கப் போகிறவர் மாமனார் தங்கசாமி. தலை தீபாவளிச் சீருக்கு மோதிரம் வேண்டாம், வாட்ச் வேண்டாம், கடல் மீன் வளர்க்கப் பெரிய தொட்டிதான் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆபீசர் வீட்டில் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே பைத்தியம்.

"மூணடித் தொட்டி நல்ல தண்ணி மீனுக்குத்தாங்க சரி. கடல் மீனுக்குத் தண்ணி நெறைய நிக்கணும், இல்லன்னா கெட்டுப் போயிரும்," என்றார் பஞ்சநாதன். "உப்புத் தண்ணிங்கிறதால இரும்பு பிரேமும் போடக்கூடாது, துருப்புடிச்சிரும். மெட்ராஸ்லேர்ந்து பேஸ்ட் வரவெச்சு ஒட்டணும். பவளக் கல்லு, மணலு, ஸ்டாண்டு, நாகப்பட்டினத்துலேர்ந்து லாரியில கடல் தண்ணி, எல்லாஞ் சேத்து ஆறடிக்கு ரெண்டாயிரத்து எட்நூறு ஆவும்."

"மூணடிக்கு?"

"ஆயிரத்து நூறு. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். அதப் போடுய்யா!"

ராசாங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "மாமா, பணம் கஷ்டம்னா சொல்லிருங்க, நானே போட்டுக்கறேன். மூணாம் மனுசர் முன்னால வெச்சு என் மானத்த வாங்காதீங்க."

"பணத்தப் பத்திப் பேசாதீங்க மாப்ள!" தங்கசாமிக்கு மூக்கு விடைத்தது. "மோட்டார் சைக்கிள் வேணுமா, கேளுங்க. நாளைக்கே திருச்சியில புக் பண்றேன். பத்தாயிரம் ஆனாலும் ஆவட்டும். இந்தச் சனியன் மட்டும் வேணாம்."

பஞ்சநாதன் வாயைப் பிளந்தார். ரெண்டாயிரத்து எட்நூறுக்கு மூக்கால் அழுகிற மனுஷன் பத்தாயிரத்தை இப்படித் தூக்கி எறிகிறாரே! இது என்ன கூத்து?

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகள் செல்வம்மாள் பொங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா, இவரு ஆசைப்பட்டுக் கேக்கறது எதுதான் ஒனக்குப் புடிச்சிருக்கு? அரியலூர்ல இவரு ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்கு நாங்க குடி வந்து நாலு மாசம் ஆச்சு. ஒரு நாளாவது மாடி ஏறி வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா? ரோட்டுலயே நின்னு பேசிட்டுப் போற. மாப்பிள்ள வூட்டுக்குள்ள வந்தா ஒன் கெளரவம் கொறஞ்சிருமா? அக்கம்பக்கத்துல கேக்கறாளுவ. எனக்குக் கேவலமா இருக்கு!"

"அதுக்கும் இதுக்கும் என்ன புள்ள சம்பந்தம்? கரண்டு போனா அத்தனை மீனும் செத்து நாறும். அதுக்குத்தான் சொல்றேன்."

"மூணடியில இருந்தா மட்டும் நாறாதா?"

தங்கசாமி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் மாமா," என்று எழுந்தார் ராசாங்கம். "ஆறடின்னா ஆறடி. மாடி ஹாலையே அளந்து வெச்சிட்டு வந்திருக்கேன். இல்லன்னா இந்தத் தீபாவளிக்கு நாங்க செட்டிகுளம் உங்க வீட்டுக்கு வரல. இனி எந்தத் தீபாவளிக்கும் வரல. செல்வம், கெளம்பு."

செல்வம்மாள் கிளம்பிவிட்டாள்! பெற்றவரை ஒரு வார்த்தை கேட்காமல் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். ஒரே மகள். கண்ணில் நீர் முட்ட, "இனிமே என்னப் பாக்க ரோட்டுக்குக் கூட வராதப்பா," என்றாள்.

தங்கசாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படி ஒரு பிடிவாதம்.

வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று பஞ்சநாதன் குறுக்கே வந்தார். "ஐயா, ஒடஞ்சிருமோன்னுதான பயப்படுறீங்க? தண்ணி மட்டும் அறுநூறு கிலோ நிக்கும். கல்லு, மணலு, ஸ்டாண்டு எல்லாஞ் சேத்தா எட்நூறு. அவ்வளவையும் தாங்குறாப்புல தடிமனான கண்ணாடிதாங்க போடுவேன். இருவது வருசத்துக்கு நான் கேரண்டி. விரிசல் விட்டா என்னச் செருப்பால அடிங்க."

"எட்நூறு கிலோவா?"

"ஆமாங்க. நாலு ஆளு சேந்து தள்ளினாலும் அசையாது."

"அப்ப ஹால்ல வேணாம்," என்றாள் செல்வம்மாள் வீம்பாக, புருஷனைப் பார்த்து. "நம்ம கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கலாம். நமக்குன்னு நாமளே வாங்கிக்குவோம். எழுதிக்குங்கண்ணே, ஆறடி!"

"கண்ணாடியப் பத்தி எவன்யா கேட்டான்?" தங்கசாமி மேசையில் ஓங்கிக் குத்தினார். "அந்த மாடித் தளம் தாங்குமாய்யா?"

பஞ்சநாதன் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார்.

"கவர்மெண்டு கட்டடம் மாமா. கட்டி மூணு வருசம்தான் ஆவுது," என்றார் ராசாங்கம், எரிச்சலாக. "அது ஏன் தாங்காது?"

"ஏன்னா அத மச்சான் பேர்ல காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டுனவனே நான்தான்!" தங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "சிமெண்டு மூட்டைய வெளிய வித்துட்டு, வெறும் மணலக் கொட்டித் தளம் போட்டேன். எவனோ ஒருத்தன் பொண்டாட்டி புள்ளயோட குடியிருந்துட்டுப் போறான்னுதான நெனச்சேன்... எம் பொண்ணு வந்து குடியிருப்பான்னு கண்டேனா?"