தானாக விரியும் பக்கம்

அந்தப் பெரியவர் பழைய புத்தகக் கடைக்கு வருவது இது ஆறாவது வாரம். சமையல் புத்தக அலமாரியைத் தவிர வேறு எதையும் அவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்திவிட்டுக் கையை எடுப்பார். முன்பு வைத்திருந்தவர்கள் அடிக்கடி புரட்டிய பக்கம் தானாக விரியும். பார்ப்பார். மூடிவிடுவார்.

விவரமான ஆள்தான் என்று கடைக்காரம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"தினப்படி சமையலுக்கா சார்? இதுல எல்லாமே அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதும்மா."

பிறகு எதற்கு இந்தப் பாடு? எரிச்சலை அடக்கிக்கொண்டு, நேற்று வந்த புத்தகக் கட்டிலிருந்து நீல அட்டைப் புத்தகம் ஒன்றை நீட்டினாள். அவர் நிறுத்தியதும் சாக்லேட் கேக் பக்கம் விரிந்தது. இந்த முறை அவர் மூடவில்லை.

"இதேதாம்மா. வீடு மாறினப்ப தெரியாம பழைய பேப்பரோட போட்டுட்டோம். இந்த ஓரத்துல ஒரு கறை இருக்குமே?"

"இருந்துச்சு சார்." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அழுக்குப் புத்தகம் நான் விக்கறதே இல்ல. காலையில ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இருந்த இடமே தெரியல பாருங்க."

தேய்ந்து மெலிந்த அந்த ஓரத்தை அவர் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அது எம்பொண்ணு கைம்மா. கேக் மாவுல விட்ட கையை அப்படியே வெச்சுட்டா. அப்ப நாலு வயசு."

"இப்ப பொண்ணு என்ன பண்றாங்க சார்?"

"அதுக்கப்புறம் அந்தக் கை வளரலம்மா."