கண்ணோரச் சொட்டு

காமாட்சியின் வலது கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் நின்றது.

தலைமாட்டில் நின்று குனிந்தபடி பூங்காவனம் அதை உற்றுப் பார்த்தாள். ஆப்பரேஷன் அறையில் அவளுடைய வேலையே அதுதான். வயிற்றைக் கீறுகிறவர் வயிற்றைப் பார்ப்பார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் நல்லையா காற்றுப் பையை அமுக்கிக்கொண்டு இயந்திரத்தைப் பார்ப்பார். நோயாளியின் முகத்தைப் பார்க்க நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வேண்டும். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமடைந்த கையோடு வெள்ளைக்கார மிஸ்ஸிகள் ஊருக்குக் கப்பலேற, அந்த வேலை இவளுக்கு வந்தது.

உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும் ஊசி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் போட்டுவிட்டால், பாதியில் மயக்கம் தெளிந்து வலித்தாலும் நோயாளியால் ஒரு விரலைக்கூடத் தூக்க முடியாது. கண்ணில் நீர் கசியும், நெற்றி வியர்க்கும், நாடி ஓடும். வலி வெளியே வர அவ்வளவுதான் வழி.

பூங்காவனத்தின் ஒரு கை காமாட்சியின் தாடையையும் வாயிலிருந்த ரப்பர் குழாயையும் பிடித்திருந்தது. மறு கை காதோர நாடியில்.

நாடி நிதானமாக இருந்தது. நெற்றி உலர்ந்திருந்தது.

பிறகு எதற்கு இந்தக் கண்ணீர்?

காமாட்சி யாரென்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் ஜெயபாலனின் மனைவி. காஜா பெராங் செட்டிக் கம்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன்பே குடியேறி, மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர்களின் குடியிருப்பு அது. திருநீறு பூசுவாள், சாமி கும்பிடுவாள், தமிழ் மட்டும் வராது. மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயா உடுத்திக்கொண்டு மலாயில் பேசுவாள்.

சிரம்பானில் பூங்காவனம் பார்த்து வைத்திருந்த பெண்ணை வேண்டாமென்றுவிட்டு அண்ணன் இவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று முகத்தைத் திருப்பியவள்தான் பூங்காவனம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

காமாட்சி விடுகிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்குச்சட்டியில் எதையாவது சமைத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புவாள். பூங்காவனம் ஒட்ட வழித்துச் சாப்பிடுவாள். சாப்பாட்டோடு என்ன சண்டை? சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்புவாள். வந்த சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பக் கூடாது என்று காஜா பெராங்கில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினாள்.

இன்னொரு சொட்டு. கண்ணோரத்திலிருந்து வழிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"என்ன மிஸ்ஸி, கண்ணீர் வருதோ? மருந்தைக் கூட்டட்டோ?" என்று கேட்டார் நல்லையா.

கூட்டினால் அது வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும். பிள்ளை தூங்கிப்போய் மூச்செடுக்கத் திணறும். ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்காமல் போன வீடு. கூட்டாமல் விட்டாலோ, காமாட்சி கத்தவும் வழியில்லாமல் அத்தனை வலியையும் தாங்கிக்கொண்டு கிடப்பாள். எதுவானாலும் பூங்காவனம் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது.

மயக்க மருந்து ஈதரின் நெடியில் வழக்கம்போல அவளுக்குக் கண் எரிந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னும் குனிந்தாள். பதில் வராது என்று தெரிந்தும் காதோரம் கேட்டாள்.

"காமாட்சி, சாக்கிட் கா?"

வலிக்கிறதா என்று. இரண்டு வருடத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. அதையும் மலாயில் பேசினாள்.

சொட்டென்று இன்னொரு துளி விழுந்தது. விழுந்த இடம் காமாட்சியின் கண்ணோரமில்லை, வாயிலிருந்த ரப்பர் குழாய்.

ரப்பர் குழாய்க்கு ஏது கண்ணீர்?

பூங்காவனத்துக்குக் காது வரை சூடேறியது. நனைந்திருந்த தன் முகத்தைத் தோளில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். காமாட்சியின் கண்ணோரத்தை விரலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். அது காய்ந்தே கிடந்தது.

"வேணாம் டாக்டர். எங்க அண்ணி நல்லாத்தான் தூங்குறாங்க."

நல்லையா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் துணித் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டது.

நல்ல கனத்த குரல். பூங்காவனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் மறுபடி நிறைந்தபோது, இந்த முறை நினைவாக முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த தூக்குச்சட்டி அவள் வீட்டு அடுப்படியில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அதில் என்ன வைத்து அனுப்பலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.