குழிக்குள் ஓர் அம்மி

"யாரது குழிக்குள்ள?"

கிருஷாந்தி போட்ட சத்தத்தில், உள்ளே குனிந்திருந்த உருவம் அப்படியே நின்றுவிட்டது.

தனலெட்சுமி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. அகழ்வு தொடங்கிய நாளிலிருந்து மண் சலிக்க வருகிறவள். காலடியில் கனமாக ஒரு சாக்கு.

கிருஷாந்தி பதுளையில் அப்பாவின் கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுத் தொல்லியல் படித்தவள். அவள் பொறுப்பில் தோண்டிய முதல் குழி இது. கருகிய தானியம், குடிசைக்குக் கம்பம் நட்ட தடம், உடைந்த அரைகல் என்று எத்தனையோ ஆயிரம் வருஷத்துப் பழசெல்லாம் கிடைத்திருந்தது. நாளைக் காலை குழியை மூட வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்திலா களவு?

"சாக்கைப் பிரிங்க அக்கா."

பிரித்தாள். உள்ளே ஓர் அம்மி. அரைத்து அரைத்து நடுவில் பள்ளம் விழுந்தது.

"இது இங்க எடுத்தது இல்லையே!"

"இல்ல மிஸ். எங்க வீட்டு அம்மி."

குழியிலிருந்து எடுத்துப் போனவர்கள் உண்டு. கொண்டுவந்து போட்டவர் உண்டா? கிருஷாந்திக்குக் கோபம் இரண்டு மடங்கானது. களவைக்கூட மன்னித்துவிடலாம், பொய்ச் சாட்சியை எப்படி மன்னிப்பது?

"இது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா? நான் கண்டுபிடிச்ச எல்லாத்தையும் பொய்னு சொல்லிருவாங்க. யார் சொல்லிக் குடுத்தது ஒங்களுக்கு?"

"மிஸ்தான்."

"நானா?"

"அன்னைக்கு அந்த ஒடஞ்ச கல்லு கெடச்சப்ப சொன்னீங்கதானே. அலஞ்சு திரியிற சனம் இம்புட்டுக் கனத்தச் சொமக்காது. அரைகல்லு கெடந்தா, அது வெள்ளாமை வச்சு நெலையாக் குடியிருந்த எடம்னு."

"அதுக்கு?"

தனலெட்சுமி மேலே, சரிவில் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தைப் பார்த்தாள். மண் சரியப்போகிறது என்று பாதி வீடுகள் ஏற்கெனவே காலி.

"ஞாயித்துக்கெழம நாங்களும் எறங்குறோம் மிஸ். கொழும்புக்கு, மகன்கிட்ட. இங்கயே வேற எடம் தாங்கன்னு ஆபீசுல போயிக் கேட்டேன். லயம்னா தற்காலிகமாத் தங்குற எடமாம். அங்க இருக்கிறது எங்க பூட்டன் போட்ட அடுப்பு மிஸ். எம் புள்ளைங்க எல்லாம் அங்கதான் பொறந்துச்சு. பின்னால போஞ்சி வச்சேன், பீட்ரூட் வச்சேன். தற்காலிகமாம்!"

குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லயத்த ஒடச்சிட்டுத் தேயில நட்டுருவாங்க. நாங்க இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. பின்னால இங்க திரும்பவும் யாராவது தோண்டுவாங்கல்ல? எந்தக் காலத்துலயாவது ஒங்களமாதிரி ஒரு மிஸ் வருவா. அவளாவது சொல்லட்டும், நாங்க நெலையா இருந்தோம்னு."

கிருஷாந்தி குழிக்குள் இறங்கினாள்.

"இப்படியே வச்சா தப்பு அக்கா."

தனலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு அம்மியைத் திரும்பத் தூக்கப் போனாள்.

"அதை விடுங்க."

கைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்தாள் கிருஷாந்தி. வருஷம் பொறித்த பக்கத்தைத் துடைத்து, அது மேலே தெரியும்படி அம்மியின் பள்ளத்தில் வைத்தாள்.

"காசு எதுக்கு மிஸ்?"

"நீங்க எந்தக் காலத்துல இருந்தீங்கன்னு அவளுக்குத் தெரியணும்ல."