சிரிப்பைப் படிக்காத பட்டை

ஜன்னலோரம் டாக்டர் நஸீமா, அவருக்கு எதிரே தறிக்காரி பவுனுத்தாய், கதவருகே அவளுடைய நாத்தனார் செண்பகம், மேஜை முனையில் பதிவெழுதும் நான். இருந்தது இவ்வளவு பேர்தான்.

சிறுநீர் கசியாமல் தடுக்கப் பவுனுத்தாய்க்கு அறுவை செய்து உள்ளே ஒரு பட்டை வைத்திருந்தோம். எப்போது இறுக வேண்டும் என்று முப்பது நாள் அது உடம்பிடம் படிக்கும். பிறகு பட்டையைச் செய்த ஆலைக்காரர்கள் அந்தப் படிப்பை மூடிவிடுவார்கள், ஆயுசுக்கும் மாறாது. நேற்றோடு இருபத்தொன்பது நாள் முடிந்திருந்தது.

பவுனுத்தாய் இருமினாள், தும்மினாள், தண்ணீர்க் கேனைத் தூக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

"இனிமே கல்யாண வீட்டுல கக்கூஸ் பக்கத்துலயே எங்க மதினி பந்திக்கு இடம் தேடாது," என்றாள் செண்பகம்.

பவுனுத்தாய் சிரித்துவிட்டாள். உடனே முகம் மாறியது. "டாக்டரம்மா, நனைஞ்சிருச்சு."

பட்டையின் நேற்றுவரையான பதிவைப் புரட்டினேன். இருமல் நானூறு, தும்மல் எழுபது. சிரிப்பு ஒன்றுகூட இல்லை.

"ஒரு மாசமா சிரிக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"பன்னெண்டு வருசமா அடக்கியே பழகிருச்சு டாக்டரம்மா."

சந்தேகப்பட்டு, இதே பட்டை வைத்த மற்ற பதினெட்டுப் பெண்களின் பதிவுகளையும் பார்த்தோம். அவர்களும் சிரித்திருக்கவில்லை.

படிப்பை மூட வேண்டாம், எல்லோருக்கும் இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று ஆலைக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "நோயாளி இன்றுதான் சிரித்தார்" என்று குறித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டி, மாலை வண்டியில் அனுப்பிவிட்டேன்.