பூஜ்யம் நொடி

மருத்துவமனைப் பதிவு கவுண்டரின் திரையில் நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் டயாலிசிஸுக்குச் சீட்டு கிடையாது. சக்கர நாற்காலியில் லூயிஸின் வீங்கிய கால்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கின்றன. "பிள்ளைச்சாவடிலேருந்து ஆட்டோ வச்சி எட்டு மணிக்கு வந்தோம். இப்ப பத்தரை. அந்த வளையத்துக்குத் தலை சுத்தாதா தம்பி?" என்கிறாள் அவர் மனைவி லூர்துசெல்வி. "எனக்கே சுத்துதுக்கா, நான் என்னா பண்றது?" என்று எழுத்தர் விக்ரம் கையை விரிக்கிறான். அவன் பின்னால் லேப்டாப்பில் குனிந்திருக்கும் சுடர்விழி, இந்த ஜாவா புரோகிராமை எழுதியவள், சட்டென்று நிமிர்கிறாள். "சர்வர் பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கணும்னு சொல்ற டைம் அவுட்டுல பூஜ்யம் போட்டுட்டேன். காத்திருக்கவே காத்திருக்காதுன்னு நெனச்சேன். இதுல பூஜ்யம்னா, பதில் வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்குமாம்." லூர்துசெல்வியின் குரல் கவுண்டர் கண்ணாடியில் மோதுகிறது. "நீ போட்ட பூஜ்யத்துக்கு இவரு கால் வீங்கணுமா?" சுடர்விழி பூஜ்யத்தை ஐந்து நொடி என்று மாற்றி, புரோகிராமை மறுபடி ஓடவிடுகிறாள். ஐந்தே நொடியில் வளையம் நின்று, 'பதில் இல்லை, கையால் பதியவும்' என்று திரை சொல்கிறது. விக்ரம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டு எழுதுகிறான். லூர்துசெல்வி அந்தப் பேனாவையே முறைக்கிறாள். "இது காலையிலேருந்து உன் பையிலதானே இருந்துச்சு?"